இருநூற்றைம்பதுக்கு அடுத்த சொல்

மார்ச் 3, செவ்வாய்

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. எழுத்து பெரிதாகத் தெரிகிறது. புத்தி தெளிந்ததாகத் தெரியவில்லை.

குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை டாக்டரம்மா கூப்பிட்டார். ஜெனரேட்டர் வாங்குகிறார்களாம். ஒப்பந்தத்தின் தொழில்நுட்பப் பகுதியை நான் எழுத வேண்டுமாம். இன்ஜினியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. முடியாது என்று சொல்லத் தைரியம் வராததால் ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 5

விற்கப்போவது யார் என்று இன்றுதான் தெரிந்தது. என் மாப்பிள்ளை. கடை திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இதுதான் அவருக்கு முதல் பெரிய வேலை. உடனே டாக்டரம்மாவிடம் போய், விலகிக்கொள்கிறேன் என்றேன்.

“மாப்பிள்ளையா இருந்தா என்ன சார்? உங்க பேனாவுக்குச் சொந்தக்காரங்க கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். எழுதுங்க.”

பெருமையாக இருந்தது. பயமாகவும் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். காபி குடித்து முடித்ததும் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மாமா, ஒரு சின்ன விஷயம். ஜெனரேட்டரோட திறன் இருநூத்தம்பது கேவிஏன்னு நம்பரை மட்டும் எழுதிடுங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்தையும் வேண்டாம். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க.”

“அப்பா, புரியுதா? இல்ல, இதையும் நான் முத்திரைத்தாள்ல எழுதித் தரணுமா?” என்று மகள் சிரித்தாள்.

நான் என்ன செய்தேன்? கார் முன் டயர் தேய்ந்திருக்கிறதே, மாற்றவில்லையா என்று கேட்டேன். கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்து, “ரொம்ப நன்றி மாமா” என்றார்.

எதற்கு நன்றி? நான் ஒன்றுமே சொல்லவில்லையே.

மார்ச் 9

எனக்கு நானே தெளிவுபடுத்திக்கொள்கிறேன். ஓர் இயந்திரத்தின் திறன் வெறும் எண் அல்ல. எவ்வளவு நேரம், எந்த வெப்பத்தில், எப்படிப்பட்ட சுமையில் என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனைப் பார்த்து, இதே வேகத்தில் நாள் முழுக்க ஓடு என்றால் ஓடுவானா?

மாப்பிள்ளை விற்கும் இயந்திரம் இருநூற்றைம்பது தரும். பொய்யில்லை. ஆனால் அது எப்போதாவது மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் சமாளிப்பதற்கான எண். தினமும் மணிக்கணக்கில் ஓட்டினால் இருநூற்று இருபத்தைந்துதான். மருத்துவமனையில் அதை வைக்கப்போகும் தகரக் கூரை அறையின் சூட்டில் அதுவும் இறங்கும். மருத்துவமனைக்குக் கோடையில் இருநூற்று முப்பது வேண்டும். தினமும் பாதி நாள் மின்சாரம் இருப்பதில்லை. குறைமாதக் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கிறார்கள்.

இன்று அவரிடம் பேசிவிட வேண்டும்.

மார்ச் 11

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். எடுத்தார். பேத்தியின் இருமலைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 14

எழுதிவிட்டேன்.

“இயந்திரம், அது நிறுவப்படும் அறையில், நாற்பத்தைந்து பாகை வெப்பத்தில், ஆண்டில் எத்தனை மணி நேரம் ஓடினாலும், ஏறி இறங்கும் சுமைக்கு இருநூற்றைம்பது கேவிஏ தர வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், பத்து விழுக்காடு கூடுதல் சுமையையும் தாங்க வேண்டும்.”

கடுமையோ? நாற்பது பாகை என்று போட்டிருக்கலாமோ? — இல்லை, வெப்பமானியை அந்த அறையில் நானே வைத்துப் பார்த்தேன். எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு குழந்தைப் பெட்டி அணையும்.

சரிதான். ஆனால் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 17

கூட்டம். டாக்டரம்மா அந்தப் பத்தியை வாய்விட்டுப் படித்தார். மாப்பிள்ளையின் கழுத்து மெல்லச் சிவந்தது. படித்து முடித்ததும் மாப்பிள்ளை என்னைப் பார்த்து, மரியாதையாக, “எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா சார்?” என்றார்.

இத்தனை வருடமாக மாமா. இன்று சார்.

சாயங்காலம் மகள் போனில் அழுதாள். “நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்ததைச் சம்மதம்னு நெனச்சு மறுநாளே மெஷினுக்கு ஆர்டர் போட்டுட்டாருப்பா. கம்பெனிக்காரன் திருப்பி எடுக்க மாட்டேங்கிறான். முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா வேற மெஷின் பாத்திருப்பாரே. ஊருக்கெல்லாம் கமா, புள்ளி வரைக்கும் வெச்சு எழுதறீங்க. வீட்டு மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை வரலியா?”

வரல. வரவே இல்லியே. என்ன மனுஷன் நான்?

ஏப்ரல் 20

வேறொருவரின் இயந்திரம் வந்து இறங்கியது. பெரியது. முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.

ஜூன் 6

மாப்பிள்ளை கடையை மூடிவிட்டார். தூரத்தில் ஏதோ தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. மகளும் பேத்தியும் சொல்லிக்கொள்ள மேலே வந்தார்கள். அவர் காரிலேயே இருந்தார். நான் படியிறங்கிப் போனேன். எப்படிப் போனேனோ.

“மாப்பிள்ளை, அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

கார்க் கண்ணாடியை இறக்கினார். “நீங்க எழுதினது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான்.”

டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புதிதாக மாற்றியிருந்தார். அதைக்கூட நல்லதென்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 21

ஊருக்குப் போனதிலிருந்து மகள் ஒருமுறைகூடப் போன் செய்யவில்லை. அவளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தாயிற்று.

ஜூலை 12, ஞாயிறு

மத்தியானம் போன் மணி அடித்தது. மருத்துவமனை எலெக்ட்ரீஷியன். “சார், விடியக்காலைல போன கரண்டு இப்பதான் வந்துச்சு. அடிச்ச வெயிலுக்கு ஜெனரேட்டர் கொஞ்சம்கூடத் திணறல சார்! பாப்பாங்க எல்லாம் நல்லாத் தூங்குதுங்க. உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு.”

நல்லது என்றேன். இரண்டு முறை சொன்னேன்.

மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். போனை வாங்குவதற்காக ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, “அவதானே?” என்றாள்.

“இல்ல. ஆஸ்பத்திரி.”

“ஓ” என்றாள். கை முழுக்கக் காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள்.