குழாயைத் தொட்டுவிட்டுச் சில்லை எடுத்தவளுக்கு

இன்று காலை என் ஆய்வகக் கதவருகே நான் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டேன். விரலில் செம்பு வாசம் ஒட்டிக்கொண்டது. உடனே நீ வந்து நின்றுவிட்டாய். நீ இறந்து இரண்டு வருஷமாகியும் உன்மேல் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, பார்த்துக்கொள்.

இரண்டாயிரத்து ஐந்தில் விருதுநகரில் எம்.ஃபில். படித்தபோது நம் இருவருக்கும் ஒரே ஆய்வு. குறைகடத்தி பாலிமரைக் கரைத்து, சிலிக்கான் சில்லின்மேல் மெல்லிசாகப் பூசி டிரான்சிஸ்டர் செய்ய வேண்டும். அது வியர்வையின் உப்பை உணர்ந்து சொல்ல வேண்டும். உடம்பில் ஒட்டி நாடித்துடிப்பைப் படிக்கும் கருவிகள் ஒருநாள் இதிலிருந்துதான் வரும் என்பார் நம் ஆய்வு வழிகாட்டி சார். ஆளுக்கு ஆறு சில்லு. யாருடையது ஓடுகிறதோ அவளுக்குப் பெங்களூர் ஆய்வகத்தில் இடம். அந்த இடத்துக்கு நான் ஏங்கிக் கிடந்தேன்.

என்னுடையவை ஒவ்வொன்றாகச் செத்தன. அதே பாட்டில் கரைசல்தான், உன்னுடையவை மட்டும் ஓடின. சில்லை எடுக்குமுன் நீ ஒவ்வொரு தடவையும் சுவரோரத்து இரும்புக் குழாயைத் தொடுவாய். சாமி கும்பிடுகிறாய் என்று கேலி செய்தேன்.

ஐந்தாவதும் செத்த அன்று கேட்டே விட்டேன். "உண்மையச் சொல்லுடி, கரைசல்ல என்ன கலக்குற?"

"ஆத்தாடி! என்னத்தக் கலக்கப் போறேன்? ஏழாயிரம்பண்ணையில எங்கம்மா பட்டாசு செய்யுற ஆபீசுல வெடிமருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன வாசல்ல செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போகும். உடம்புல ஏறுன கரண்டு அங்கன இறங்கிரும். பாலியஸ்டர் கட்டிட்டுப் போனா வாசலோட திருப்பி அனுப்பிருவாக. அந்தக் கரண்டு பட்டுத்தான் உன் சில்லும் சாகுது, இந்த வழுவழு சுடிதார விட்டுட்டு நூல் துணி உடுத்திட்டு வாடி."

நான் நம்பவில்லை. வாத்தியார் மகள், வகுப்பில் முதல் மார்க். பட்டாசு ஆபீசிலிருந்து எனக்குப் பாடமா? நிலைமின்சாரம் எனக்குப் பரீட்சைத்தாளில் தெரியும், என் சுடிதாரில் தெரியவில்லை. நீ எதையோ மறைக்கிறாய் என்றே நினைத்தேன். மறுநாளும் அதே சுடிதாரை உடுத்தி வந்து ஆறாவதையும் கொன்றேன்.

நீ பெங்களூருக்கு ரயிலேறியபோது, காய்ச்சலென்று பொய் சொல்லி வழியனுப்ப வரவில்லை. நீயோ எனக்கு ஒரு நூல் சுடிதார்த் துணி கொடுத்தனுப்பினாய். அதைத் தைக்கக்கூடக் கொடுக்கவில்லை நான்.

இன்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் கேட்டார்: "இந்தத் தகடு நல்ல யோசனை மேடம். யாரோடது?"

"என்னோடதுதான்" என்றேன். கொஞ்சமும் தயங்கவில்லை. உன் பெயரைச் சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை.

தினமும் தொடுகிறேன். உடம்பிலிருக்கும் கரண்டு இறங்கிவிடுகிறது. இந்த வயிற்றெரிச்சல்தான் இறங்க மாட்டேன் என்கிறதடி.