மேரியின் பென்ஷன் நின்ற பிறகு

ஜனவரி 19, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரிக்கு விதவை பென்ஷன் நின்றுவிட்டது. மகன் ரகுவுக்கு வயது வந்துவிட்டதாம், இனி அவன் காப்பாற்றுவானாம். அவனே பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். அவனை யார் காப்பாற்றுவது? அது இருக்கட்டும். ரகுவுக்கு வயது வந்தது ஆபீசில் இருப்பவனுக்குத் தானாகத் தெரியுமா? யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கடைக்காரி குப்பம்மாள் மேல்தான் சந்தேகம். நேற்று என்னைப் பார்த்து அவசியமில்லாமல் சிரித்தாள்.

என் வீட்டுக்காரர் பரணிதரன் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எரியிறத புடுங்குனா கொதிக்கிறது அடங்கும். எல்லாருக்கும் நிறுத்திப் பாக்கட்டும். அப்பால பாரு, சிப்காட்ல ஆள் தேவைன்னு ஒரு போர்டு இருக்காது."

"வேலைக்குப் போவாங்களா, செவுரு ஏறிக் குதிப்பாங்களா? பசி வந்தா பத்தும் பறந்துடும்."

"ஏறிக் குதிச்சா உனக்குத்தான வேலை."

நான் செக்யூரிட்டி என்பதில் அவருக்கு என்றைக்கும் ஓர் இளக்காரம்.

பிப்ரவரி 3, திங்கள்

மேரி வந்து வாசலில் நின்றாள். "யக்கா, உங்க கம்பெனில எதுனா வேலை இருந்தா சொல்லேன்." ஹவுஸ்கீப்பிங்கில் ஆள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். செக்யூரிட்டி ஆபீசர் தேசப்பனிடம் நானே பேசினேன். "உன் பொறுப்பா பிரேமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் கூடப் பிறந்தவர்களுக்கே நான் பொறுப்பு ஏற்றதில்லை.

பரணிக்குக் கொண்டாட்டம். "பணம் நின்னுச்சு, வேலைக்கு வந்துட்டா பாத்தியா. நான் இன்னா சொன்னேன்?" சோறு போடும்வரை இதே பாட்டு.

பிப்ரவரி 24, திங்கள்

லீவு போட்டுவிட்டு மேரியோடு திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். பெரியபாளையம் வழியாகப் பஸ், ஒரே வெயில். மனு கொடுக்க அவ்வளவு கூட்டம். ஆபீசர் முன்னால் போனதும் மேரிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான்தான் பேசினேன். "இவளுக்கு யாருமே இல்ல சார். நான் பக்கத்து ஊடு, எனக்குத் தெரியும். மறுபடி குடுங்க." என் பேரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார். என் நம்பர் எதற்கு?

திரும்பி வரும்போது கேட்டேன், பென்ஷன் வந்துவிட்டால் வேலையை விட்டுவிடுவாயா என்று. "அது ஊட்டு வாடகைக்கே பத்தாதுக்கா. அப்பால சோத்துக்கு?" என்றாள். நியாயமான பேச்சுதான். ரொம்ப நியாயமாகப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் உஷார்.

மார்ச் 12, புதன்

கம்பெனியில் சரக்கு குறைகிறதாம். நாங்கள் செய்வது வால்வு. அதற்குள்ளே போகும் பித்தளைத் துண்டு கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். இடுப்பில் செருகினால் தெரியாது. மூட்டை மூட்டையாய்ப் போயிருக்கிறது. தேசப்பன் எங்களை நிற்க வைத்துத் திட்டினார். "லேடீஸ் கேட்லதான் போவுது."

லேடீஸ் கேட் என்றால் நான்தான். போகிற பெண்கள் அத்தனை பேரையும் டிடெக்டர் குச்சி வைத்துத் தடவி அனுப்புவது என் வேலை. மிஷின் பக்கத்தில் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது என்பதால், கல்யாணமானவர்கள் எல்லாரும் தாலியை ரவிக்கைக்குள் ஊக்குப் போட்டுக் குத்தியிருப்பார்கள். நெஞ்சுக்கு நேராகக் குச்சி கத்தும். மேலாக ஒரு தடவு தடவுவேன். ரெட்டைப் பொட்டா, கருகமணியா, கிறிஸ்தவர்கள் கட்டும் புறா போட்டதா, என் கையே சொல்லிவிடும். தாலி என்றால் போ. இத்தனை வருஷத்தில் என் கை பொய் சொன்னதில்லை. அப்புறம் எப்படி என் கேட்டில் போகும்?

யோசித்துப் பார்த்தால் மேரி சேர்ந்த பிறகுதான் சரக்கு குறைகிறது. இதை எழுதவே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். மேரி பிரியாணி கொடுத்தனுப்பினாள். சோற்றைவிடக் கறி அதிகம். இவ்வளவு கறிக்கு இவளுக்கு எங்கிருந்து டப்பு வந்தது?

பரணி இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "உனுக்கு வாயில போடும்போதும் சந்தேகமா?" என்கிறார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நேற்று மேரி லீவு. பழவேற்காட்டு மாதா கோயிலில் வேண்டுதலாம். கேண்டீன் மாஸ்டர் சாலமோனும் நேற்று லீவு. இன்றைக்குப் பாத்திரம் கழுவும் இடத்தில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். கேண்டீன் அண்டா குண்டானெல்லாம் டெம்போவில் வெளியே போகிறது. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

நெருப்பில்லாமல் புகையாது.

மே 6, செவ்வாய்

இன்றைக்கு மேரி வந்தபோது குச்சி கத்தியது. நெஞ்சுக்கு நேராக.

"இன்னா மேரி?"

"சிலுவைக்கா."

அவள் சிலுவை எனக்குத் தெரியாதா? கறுப்புக் கயிற்றில் கழுத்துக் குழியில் கிடக்கும். தடவினேன். கெட்டியாக, சின்னதாக ஏதோ ஒன்று, ஊக்குப் போட்டுக் குத்தியிருந்தது. சட்டென்று பின்னால் நகர்ந்தாள். பின்னால் வரிசை நின்றது. போ என்றுவிட்டேன். ஏன் போ என்றேன்? வேறு ஒருத்தியாக இருந்தால் விட்டிருப்பேனா?

தாலி என்றால் தாலி என்று என் கை சொல்லியிருக்கும். இவள்தான் தாலி இல்லாதவளாச்சே. அப்படியென்றால் அது என்ன? பித்தளைதான். அடிப்பாவி, என் பேரைச் சொல்லி உள்ளே வந்துவிட்டு எனக்கே ஆப்பா?

மே 14, புதன்

தினமும் கத்துகிறது. தினமும் சிலுவை என்கிறாள். நேற்றும் சரக்கு குறைந்திருக்கிறது. இன்று காலையில் தேசப்பனிடம் சொல்லிவிட்டேன்.

ஷிப்ட் முடிந்ததும் எல்லாரும் பார்க்க மேரியை வரிசையிலிருந்து வெளியே எடுத்தார்கள். தேசப்பன் சோதனை ரூம் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே நான், மேரி, ஹெச்.ஆர் பெண் ஸ்நேகா. "எடுங்கம்மா" என்றாள் ஸ்நேகா. மேரி என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்று ஊக்கைக் கழற்றினாள்.

மஞ்சள் கயிறு. புத்தம் புதுசு. நுனியில் புறா போட்ட சின்னத் தாலி.

"தாலிதானே? இதுக்கா இவ்ளோ நேரம்?" என்று ஸ்நேகா போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளுக்கு மேரி யார் என்று தெரியாது. எனக்குத் தெரியும். மேரி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

என் கைக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் அதை நம்பவில்லை.

மே 15, வியாழன்

மேரி வேலைக்கு வரவில்லை. சாயந்திரம் அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"யாரு? சாலமோனா?"

"ம்."

"எப்ப?"

"ஈஸ்டர் முடிஞ்சி. மாதா முன்னாடி கட்டுனாரு. இங்க கோயில்ல கட்டுனா மூணு ஞாயிறு பூசையில பேரு படிப்பாங்க. தெருவுக்கே தெரிஞ்சிரும்." அவளே தொடர்ந்தாள். "பென்ஷன் வந்துக்கினு இருந்த வரைக்கும் கட்டிக்க முடியலக்கா. கட்டுனா நிறுத்திடுவாங்க. அவரு எத்தினி வருஷமா கேட்டுக்கினு இருந்தாரு தெரியுமா? இப்ப நின்னே பூடுச்சு. இனிமே இன்னாத்துக்குப் பயப்படணும்னு கட்டிக்கினேன்."

"அப்ப இன்னாத்துக்கு மறைச்ச?"

"மனு குடுத்துட்டமே. நீ வேற இவளுக்கு யாருமே இல்லன்னு அடிச்சி சொன்ன. உன் பேர எழுதிக்கினாங்க. வெளிய தெரிஞ்சா உனக்குத்தான பேஜாரு."

நான் நம்பவில்லை. "பணம் திரும்பி வந்தா வரட்டும்னுதான?"

தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவும்தான்க்கா. ரகு படிப்பு முடியிற வரைக்கும்."

அதுவும்தான் என்று அவள் சொன்னதால்தான் முதலில் சொன்னதையும் நம்பினேன். நம்பியதும் அழுகை வந்துவிட்டது. ஊரே பார்க்க அவளைத் திருடி மாதிரி நிற்க வைத்தேனே. பணம் நின்றால் வேலைக்குப் போவாள் என்றார் இவர், திருடுவாள் என்றேன் நான். கல்யாணம் பண்ணிக்கொள்வாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. அவளுக்கும் ஆசை இருக்கும் என்று தோன்றினால்தானே.

பரணியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவனுக்கெல்லாம் தெரிந்துவிடும்.

மே 23, வெள்ளி

சரக்கு எடுத்தவன் அகப்பட்டான். ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். அவர் காரில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் முழுக்கப் பித்தளை. அந்தக் காரை எந்த கேட்டிலும் எவனும் திறந்ததில்லை, சல்யூட் அடித்துத்தான் அனுப்பினோம். நானும் அடித்திருக்கிறேன்.

"அவருக்கு எந்தப் பென்ஷன் நின்னுச்சாம்?" என்று பரணியைக் கேட்டேன். "அது கொழுப்புடி, பசி வேற" என்றார். ஆள் லேசில் தோற்கிறவர் இல்லை.

மே 24, சனி

மேரியை வேலைக்குக் கூப்பிடப் போனேன். "எல்லாரும் பாத்தாங்களேக்கா" என்றாள். "நானே கேட்ல நின்னு சொல்றேன், எம்மேலதான் தப்புன்னு" என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மே 26, திங்கள்

வந்தாள். வரிசையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

ஜூன் 26, வியாழன்

காலையில் குழாயடியில் இருந்தேன். வி.ஏ.ஓ. ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்தார். "இங்க பிரேமா யாரு?" மனுவில் என் பேர்தான் சாட்சியாம். அந்த நம்பர் எதற்கு என்று அன்றைக்குக் கேட்டேனே, இதற்குத்தான்.

"ஆரோக்கியமேரி தனியாத்தான் இருக்குதா? மறுகல்யாணம் எதுனா?"

மேரி அங்கேயே குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். சாலமோன் இன்னும் கேண்டீன் ஆட்கள் ரூமில்தான் தங்குகிறான், தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. மேரி குடத்தைக் கீழே வைத்தாள். என்னிடம் கண்ணால்கூடக் கெஞ்சவில்லை. "சார், வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"யாருமில்ல சார். தனியாத்தான் கெடக்குறா" என்றேன்.

கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். அவர் பைக் தெரு முனை திரும்பியது. மேரி குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள்? உண்மையைச் சொல்லத்தான் வந்தாளோ? கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த ரூமில் அவளைத் திரும்பி நிற்க வைத்ததற்கா? அதனால்தான் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அரசாங்கத்துக்குப் பொய் பொய்தான். பணம் நின்றால் யாரோ ஒருத்தி தப்புத் தண்டாவுக்குப் போவாள் என்று சொன்னவள் நான்.

ஜூலை 17, வியாழன்

மேரிக்குப் பென்ஷன் மறுபடி வந்துவிட்டது. வேலையை விடவில்லை. பணம் வந்தால் விடுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்த பரணி பேச்சை மாற்றிவிட்டார்.

ஸ்டோர்ஸ் ஆள் மாட்டியதிலிருந்து கம்பெனியில் புது உத்தரவு. வெளியே போகும்போது செக்யூரிட்டியையும் சோதிக்க வேண்டுமாம். கிறிஸ்டினா என்று புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். இன்றைக்கு முதல் தடவையாக நான் கையை விரித்து நின்றேன். அவள் குச்சியை மேலே கொண்டுவந்ததும் நெஞ்சுக்கு நேராகக் கத்தியது. எனக்கு வேர்த்துவிட்டது. மடியில் ஒன்றும் இல்லைதான், இருந்தும் வேர்த்துவிட்டது.

"தாலிதானக்கா?" என்றாள்.

"ஆமாம்மா."

தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டாள். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவள்மேல் கோபமாக வந்தது. வேலைக்குப் புதுசு, சின்னப் பெண். நாளைக்கு அவளிடம் சொல்லி வைக்க வேண்டும், அப்படியெல்லாம் யாரையும் நம்பிவிடாதே என்று.