சமையலறைச் சுவரில் ஒட்டிய தாள்

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும், குறிப்பாகத் தூரதேசத்தில் இருக்கும் உனக்கு, அறிவிப்பது யாதெனில்: எனக்கு மீசை முளைத்துவிட்டது. அம்மா அதை அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியோடு துரத்தினாள். வரலாறு அவளை மன்னிக்கட்டும்.

அடுத்த செய்தி, கல்குவாரி. நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றை உடைக்க வருகிறார்கள். வந்தால் முதலில் போவது நம் வீடுதான். வெடி வைத்தாலும் வீடுகள் அசையாது என்று குவாரிக்காரர்கள் சாதித்தார்கள். எதிர்ப்புக் குழுத் தலைவரான தையல்கார மாமா, அப்படியானால் ஒரு வெடி வைத்துக் காட்டுங்கள் என்றார். ஏற்பாடும் அவருடையதே. சுவர்களில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களுக்குக் குறுக்கே மெல்லிய தாளை ஒட்டுவது, அதில் விசாரணை நடத்தும் அரசு அதிகாரி கையெழுத்துப் போடுவது. சுவர் அசைந்தால் தாள் கிழியும். வாய்ச்சண்டைக்கு வேலையே இல்லை.

பசை காய்ச்சியது அம்மா, ஒட்டியது நான். ஓட்டு வாங்காமலே ஒட்டுத்துறை மந்திரி! எத்தனை விதமான விரிசல்கள் அக்கா! தபால்காரர் வீட்டில் ஒன்று காலண்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இன்னொன்றில் பல்லி குடித்தனமே நடத்துகிறது. நம் சமையலறை விரிசலில் காதை வைத்தால் அடுத்த அறையில் அப்பா முணுமுணுப்பது கேட்கிறது. வெடித்தால் அசைவு முதலில் வருமா, சத்தம் முதலில் வருமா? அதைப் பார்க்கவே ஜன்னலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன்.

வெடி நாளில் குவாரி இன்ஜினியர் நம் சமையலறையில்தான் கைகட்டி நின்றார். "டம்ளர்கூட ஆடாது, பாருங்க" என்றார். டம்ளர் ஆடியது. அப்புறம்தான் சத்தம். தாள் இரண்டாகப் பிளந்து நின்றது. இன்ஜினியர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! அப்பா எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டு, "ஒட்டினது என் பையன்" என்றார். அன்றிலிருந்து தெருவில் நான்தான் குன்றைக் காத்த வீரன். நானும் மறுக்கவில்லை.

தையல்கார மாமா மட்டும் தாளைச் சுவரிலிருந்து உரித்து எடுக்கும்போது அதன் ஓரத்தை விரலால் தடவினார். "பிளேடு புதுசாடா?" என்று என் காதோடு கேட்டார்.

அக்கா, வெடிக்கு முன்பே விரிசல் நெடுகத் தாளை நான் பிளேடால் கீறி வைத்திருந்தேன். தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. தாள் கிழியாவிட்டால் வீடு போய்விடுமே என்ற பயம். கடைசியில், நான் கீறாத தபால்காரர் வீட்டுத் தாளும் பஞ்சு பஞ்சாகக் கிழிந்திருக்கிறது. என் பிளேடு யாருக்கும் தேவைப்படவே இல்லை. விசாரணையில் எல்லாத் தாள்களையும் மேசைமேல் பரப்புவார்களாம். நம்முடையதில் உள்ள நேரான வெட்டைப் பார்த்தால் மற்றதும் பொய் என்றுவிடுவார்கள். "உங்கப்பாகிட்ட நீயே சொல்லிடு. நம்ம தாளை விசாரணைக்கு வைக்காம நாமளே எடுத்துடலாம்" என்கிறார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்லப் போகிறேன். அந்த நேரத்துக்கு நீ போன் செய். உன் குரலைக் கேட்டால் அப்பாவின் குரல் இறங்கும். என் தோளில் போட்ட கையை அவர் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பதவியை ராஜினாமா செய்த உன் தம்பி

பி.கு.: கண்ணாடியில் மறுபடி பார்த்தேன். மீசை விஷயத்தில் அம்மா சொன்னதுதான் சரி.