நல்லாப் பிரெஞ்சு தெரிஞ்ச மச்சாள்

பெப்ரவரி 4, செவ்வாய்

பிரெஞ்சில் இன்றைக்கும் அதே கீழ் வகுப்புத்தான். ஜனவரியில் என்னை மூன்றாம் நிலையிலிருந்து முதலாம் நிலைக்கு இறக்கிவிட்டார்கள். சொற்கள் இருக்கின்றன, வசனம் இல்லை என்று ஆசிரியை செலீன் சொன்னா. என் கணவர் விதுர்சனுக்கு இன்னும் சொல்லவில்லை. வீட்டில் நான் மூன்றாம் நிலைதான். போன மாதம் கோயிலில் ஆரோ கேட்க, "எங்கடை மருமகள் பிரெஞ்சிலை வெளுத்து வாங்குவா" என்று மாமி சொன்னா. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எல்லாம் சொல் பாடமாக்க நான் எழுதின இந்த மட்டைகள் செய்த வேலை. ஒரு பக்கம் இங்கிலிஷ், மற்றப் பக்கம் பிரெஞ்சு. ஸ்டேஷன் என்றால் ஸ்தாசியோன், இன்ஃபர்மேஷன் என்றால் அன்ஃபோர்மாசியோன். வாலை மட்டும் மாத்தினால் அரைவாசி பிரெஞ்சு முடிஞ்சுது என்று விதுர்சனிடம் அளந்தேன். யாழ்ப்பாணத்தில் வங்கியில் இங்கிலிஷில் வேலை செய்தவள் அல்லோ. அந்தத் திமிர்.

பெப்ரவரி 9, ஞாயிறு

விதுர்சனின் தங்கை வினோஜா போன் எடுத்தாள். வயிற்றில் ஆறு மாதம் அவளுக்கு. புதன்கிழமை கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முடிவு சொல்லுவார்களாம், புருஷன் பிருந்தனுக்கு லீவு இல்லையாம். "நீங்கள் வாங்கோவன் மச்சாள். எனக்கு யெஸ், நோவை விட்டால் ஒண்டும் வராது."

எங்கடை சனம் டொக்டரிட்டைத் தனியாகப் போகாது. பாஷை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போகும். அந்த ஒருவர் இப்போது நானாம்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொல்ல என்ன கேடு எனக்கு?

பெப்ரவரி 12, புதன்

பிரெஞ்சு பேசுகிற இந்த லவால் ஊரில் பனி கொட்டுகிறது. பஸ்ஸில் போகும்போது பெட்டை வினோஜா வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நர்ஸ் சின்னப் பிள்ளை. சட்டையில் றோஸ்மேரி என்று பெயர் குத்தியிருந்தது. கடகடவென்று பிரெஞ்சில் தொடங்கினா. நான் முழிப்பதைக் கண்டு நிறுத்தி, இங்கிலிஷில் சொல்லட்டுமா என்று கேட்டா. சிரித்த முகத்தோடுதான் கேட்டா.

பக்கத்தில் வினோஜா என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மாமி சொன்ன மருமகளைப் பார்க்கிற பார்வை.

"நோ, நோ. பிரான்சே" என்றேன், பிரெஞ்சிலேயே சொல்லட்டும் என்று.

அவ்வளவுதான். நர்ஸ் திரும்பவும் தொடங்கினா. இடையிடையே இங்கிலிஷுக்குக் கிட்டின சொற்கள் வந்தன – டெஸ்ட், அம்போர்தான், நோர்மால். அவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. தலையை ஆட்டி உய், உய் என்று ஓம் போட்டேன். வெளியில் வந்ததும் என்ன சொன்னவ என்று வினோஜா கேட்டாள். எல்லாம் நோர்மலாம், அடுத்த மாதம் வரட்டாம் என்றேன். அவளுக்குப் பெரிய நிம்மதி. எனக்குக் குடிக்க ரீயும் கடிக்க ரோல்சும் வாங்கித் தந்தாள்.

பெப்ரவரி 13, வியாழன்

நர்ஸ் நோர்மால் என்று சொன்னது உண்மைதானே.

பெப்ரவரி 24, திங்கள்

வினோஜா வேலை செய்கிற கடையில் தலை சுற்றி விழுந்துவிட்டாள். பிருந்தன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினான். இரத்தத்தில் சீனி கூடிப்போய் இருக்கிறதாம். அன்றைக்குக் கிளினிக்கில் மறுநாளே வெறும் வயிற்றோடு வந்து இரண்டாம் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார்களாம், ஏன் வரவில்லை என்று அங்கே கேட்டார்களாம்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இதயம் நல்லாய் அடிக்கிறதாம். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பெப்ரவரி 26, புதன்

கடவுளே. ஒருவரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. பிருந்தன் நர்சைத்தான் திட்டுகிறான். "பிரெஞ்சு தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு போயும் மறைச்சுப்போட்டாளவை. தமிழ்ச் சனம் எண்டால் இளக்காரம்." முறைப்பாடு கொடுக்கப்போகிறானாம். அதைப் பிரெஞ்சில் எழுதித் தர வேண்டியது ஆர்? நான்!

"எழுதித் தாறன் பிருந்தன்" என்றேன். என்ரை வாயாலைதான் சொன்னனான். இந்த வாயை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய?

பெப்ரவரி 27, வியாழன்

அந்த நர்ஸ் பிள்ளையின்ரை வேலை போனால்? வயித்துப்பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால்? – கௌரவமாம் கௌரவம். இங்கிலிஷ் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும். எனக்கு நல்லாத் தெரிஞ்ச பாஷை. அவவே நீட்டினவ. நான் தட்டிவிட்டனான்.

மார்ச் 5, புதன்

வினோஜாவுடன் கிளினிக்குக்கு நானே போனேன். பிருந்தன் முறைப்பாட்டைக் கேட்டான். வந்து தாறன் என்றேன்.

றோஸ்மேரி என்னைக் கண்டதும் முகத்தைச் சுருக்கினா. இங்கிலிஷில் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு உங்கள் பிரெஞ்சு எனக்கு விளங்கவில்லை, விளங்கினதுபோல் நடித்தேன் என்றேன். அவ சொன்னா, கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது, இன்னொரு தரம் கேட்டிருக்கலாம் என்று. அது இன்னும் சுட்டது. பிறகு வினோஜாவிடம் திரும்பினேன்.

"அண்டைக்கு இவ சொன்னது எனக்கு விளங்கேல்லை வினோஜா. இங்கிலிஷிலை சொல்லட்டோ எண்டு கேட்டவ. நீ பாத்துக்கொண்டு இருந்தாய். வெக்கத்திலை வேண்டாம் எண்டனான்."

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் இருந்தாள். இறங்கப்போகும்போது என் பக்கம் திரும்பினாள்.

"உங்களை நம்பித்தானே மச்சாள் வந்தனான்."

மார்ச் 6, வியாழன்

விதுர்சனுக்கும் சொல்லிவிட்டேன், கீழ் வகுப்பு உட்பட. கத்தவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். முறைப்பாடு இல்லை என்று பிருந்தனுக்கு அவர்தான் போனில் சொன்னார். பிருந்தன் என்னோடு கதைக்கமாட்டானாம். கதைக்க வேண்டாம், சரிதான். மாமிக்கு ஆர் சொன்னார்களோ தெரியாது, இன்றைக்குக் கோயிலுக்கு என்னைக் கூப்பிடவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வகுப்பில் வாயைத் திறந்து, விளங்கவில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். செலீன் கரும்பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினா.

மார்ச் 18, செவ்வாய்

வினோஜாவின் குறுஞ்செய்தி. "வியாழன் கிளினிக். 10 மணி. வாங்கோ." வேறு ஒன்றுமில்லை. பத்துத் தரம் பார்த்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

உள்ளே போனதும், நான் வாய் திறக்கமுன்னம், வினோஜா றோஸ்மேரியைப் பார்த்து "இங்கிலிஷ்" என்றாள். சொல்லிவிட்டு விரலால் என்னைக் காட்டினாள்.

காது மடல் வரைக்கும் சுட்டது.

றோஸ்மேரி ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னா. ஊசி, சாப்பாடு, எப்போது சீனி பார்ப்பது. ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு வினோஜா என் முகத்தைப் பார்த்து, விளங்கினதோ என்று கேட்டாள். விளங்கினது என்றேன். நாலாவதோ ஐந்தாவதோ, ஊசி மருந்தின் அளவைப் பற்றி ஏதோ சொன்னா, இங்கிலிஷிலேயே எனக்குப் பிடிபடவில்லை.

"பொறு வினோஜா. எனக்கு விளங்கேல்லை, திருப்பிக் கேக்கிறன்."

"கேளுங்கோ" என்றாள். நான் கேட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டு இருந்தாள்.