நான் தூக்க மறுத்த பட்டன்

அப்பாவுக்கு வணக்கம்.

ஆபரேஷன் பண்ணின இடுப்பு எப்படி இருக்கு? நான் நல்லா இருக்கேன். ஆபீஸ்லதான் சின்னதா ஒரு மல்லுக்கட்டு.

நீங்க ஒருக்களிச்சுப் படுத்தா போன் தானா படத்தைத் திருப்பிடறதால வீடியோ கால்ல என் முகம் சாய்ஞ்சுடுதே, அதை நிறுத்தத்தான் எங்க கம்பெனி ஆப்ல ஒரு பட்டன் வெச்சேன். "இடத்தை அடைக்குது, தூக்கிடு. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துதானே பேசறாங்க"ன்னார் மேனேஜர்.

"எப்படிப் பார்க்கணும்னு பார்க்கறவங்க முடிவு பண்ணட்டும் சார். நான் தூக்க மாட்டேன்"னேன். வேற ஆளை விட்டுத் தூக்குவாராம். தூக்கட்டும், தூக்கத் தூக்க வைப்பேன்.

ஞாயித்துக்கிழமை முழுக்க ரூம்லதான் இருப்பேன், கூப்பிடுங்க. எனக்காக வலியோட எழுந்து உட்காராதீங்க. எந்தப் பக்கம் படுக்கறீங்கன்னு மட்டும் அம்மாவை எழுதச் சொல்லுங்க. பட்டன் போனாலும் போகட்டும், அதுக்கேத்த பக்கமா நானும் படுத்துக்கிட்டு உங்களுக்கு நேராவே தெரிவேன்.

பஸ் வந்துடுச்சு.

உங்க வாயாடி