தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் ஆட்சேபணை

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலம்தானா என்பதைப் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் எங்கள் தனிப்படைக்குப் பணம் கேட்ட ஃபைல் நிதித்துறையில் உன் மேசைக்கு வந்த நாளிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. எதுவானாலும் எழுத்தில் கேட்கச் சொன்னதாக அத்தான் சொன்னார். சரி, எழுத்திலேயே கேட்கிறேன். எங்கள் தண்ணீர்த் தொட்டியில் என்ன குறை கண்டாய்?

குற்றத்தில் பயன்பட்ட துப்பாக்கி எங்கே கிளம்பி, யார் யார் கைமாறி வந்தது என்று நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்துத் தேடத்தான் எங்களைப் போட்டிருக்கிறார்கள். படை என்றால் நான், ஒரு ஏட்டு, தடயவியல் படித்த ஒரு பெண். கோட்டை எது என்றால் போக்குவரத்துப் பிரிவின் பழைய சைக்கிள் கொட்டகை. மழை வந்தால் ஏட்டு ஃபைல்களை மடியில் வைத்துக் குடை பிடிக்கிறார். இந்த லட்சணத்தில் பத்தடித் தொட்டி கேட்டால், "காவலருக்கு நீச்சல் பயிற்சி இத்திட்டத்தின் நோக்கத்துக்குள் வருமா?" என்று எழுதியிருக்கிறாய். ஆபீசே சிரித்தது.

மார்ச்சுக்குள் பணம் வராவிட்டால் படையைக் கலைத்துவிடுவார்கள். நான் பழையபடி சிக்னலில் நின்று கை காட்ட வேண்டியதுதான்.

இப்படிக்கு,
நீச்சல் தெரியாத தம்பி


ஜனவரி 15

அன்புத் தம்பிக்கு,

தம்பியின் ஃபைல் எனக்கு வேண்டாம் என்று நிதித்துறைத் தலைவரிடம் எழுதியே கொடுத்தேன். உங்களைவிட அவரை யாரும் அதிகம் குடையமாட்டார்கள், நீங்களே பாருங்கள் என்று சிரித்துவிட்டார். அதனால்தான் போன் வேண்டாம் என்றேன். அக்கா சுருட்டித் தம்பிக்குக் கொடுத்தாள் என்று நாளைக்கு ஒருத்தர் வாய் திறக்கக்கூடாது. உன் கடிதத்துக்கு நகல் எடுத்து ஃபைலில் சேர்த்துவிட்டேன். ஏட்டின் குடையை இனி நிதிக்குழுவே படிக்கும்.

தொட்டி எதற்கு என்று என்னைப் போன்ற மக்குக்கும் புரிகிற மாதிரி எழுது.

உனக்குச் சளி என்று அம்மா சொன்னாள். ஈரத்தலையோடு வெளியே போகாதே. (நகலில் இந்த வரியை மட்டும் மறைத்துவிட்டேன்.)

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

விளக்கத்தை ஏற்று முன்பணம் அனுப்பியதற்கு நன்றி. தொட்டியும் நுண்ணோக்கியும் வந்துவிட்டன. விளக்கத்தில் எழுதியதுதான், தண்ணீருக்குள் சுட்டால் குண்டு நசுங்காது. துப்பாக்கிக் குழல் போட்ட கீறல் அதன் மேல் அப்படியே இருக்கும். குற்றம் நடந்த இடத்தில் எடுத்த குண்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவையா என்று தெரிந்துவிடும்.

இப்போது வேறு தலைவலி. அடுத்த வாரம் குழு நேரில் பார்க்க வருகிறது. எங்களிடம் தொட்டி இருக்கிறது, சுடத் துப்பாக்கிதான் இல்லை. பிடிபட்டவை எல்லாம் நீதிமன்றத்தில் இருக்கின்றன, ஒன்றை வெளியே எடுப்பதற்குள் எனக்குப் பென்ஷன் வந்துவிடும். அத்தானுடைய அப்பா வைத்திருந்த கைத்துப்பாக்கி, இப்போது அத்தான் பெயரில் லைசன்சோடு உங்கள் பீரோவில் தூங்குகிறதே, அதை ஒரு நாள் தந்தால் மானம் பிழைக்கும். ரசீது தருகிறேன்.

தம்பி


பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

ஏட்டிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஞாயிறுதோறும் அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிற உன் அத்தான், எடுத்துத் தாருங்கள் என்றதும் வயிறு சரியில்லை என்று போய்ப் படுத்துக்கொண்டார். நானே பீரோவைத் திறந்து எடுத்தேன். பிடியில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. எலி கடித்திருக்கும் என்றார். அந்த எலிக்கு இரும்புப் பல் போலிருக்கிறது.

ரசீது இரண்டு பிரதி வேண்டும்.

அக்கா


மார்ச் 6

அக்கா,

மூன்று வாரமாக எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுதக் கை வரவில்லை.

குழுவினர் தொட்டியைப் பார்த்து மகிழ்ந்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபின், பழகிப் பார்க்கலாமே என்று அந்தப் பெண், அத்தானுடைய துப்பாக்கியால் நாங்கள் தொட்டிக்குள் சுட்ட குண்டுக்குப் பக்கத்தில் போன வருஷத்து மருந்துக்கடைக் கொள்ளையின் குண்டை வைத்தாள். கொள்ளையன் கூரையைப் பார்த்துச் சுட்டு, மின்விசிறி அவன் காலிலேயே விழுந்ததே, அந்த வழக்கு. இரண்டு குண்டின் கீறலும் ஒன்றாகவே இருந்தது. அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஏட்டும் பார்த்தார். அப்புறம் ஒரு பெட்ரோல் பங்க் கொள்ளையின் குண்டும் பொருந்தியது.

அத்தானைத் தனியே கேட்டேன். அவரோடு சீட்டாடுகிற வீட்டு புரோக்கர் ஒருவன், கையில் பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று வாங்கிப் போனானாம். பத்து நாள் கழித்துத்தான் திருப்பித் தந்தானாம். "கூட்டாளி கேக்கும்போது எப்படிப்பா இல்லேன்னு சொல்றது?" என்றார். அவன் அதை நாள் வாடகைக்கு விட்டிருக்கிறான். அவனையும், வாடகைக்கு எடுத்தவர்களையும் பிடித்துவிட்டோம். இப்படி இன்னும் நான்கு வீட்டுத் துப்பாக்கிகள் அவன் கையில் இருந்தன.

அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், இன்னும் மேலே அனுப்பவில்லை. அனுப்பினால் அத்தான் மேல் வழக்கு வரும், உன் பெயரும் கெடும். முதல் துப்பாக்கியின் சொந்தக்காரர் யாரென்று தெரியவில்லை என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு வார்த்தை சொல், அக்கா. இந்தக் கடிதத்துக்கு மட்டும் நகல் எடுக்காதே.

தம்பி


மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

நகல் எடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் அழுகை வந்தது. அத்தானுக்காக இல்லை. என்னிடம் போய் ஒரு வார்த்தை சொல் என்று கேட்டாயே, அதற்காக. உன்னை இந்த இடத்தில் நிறுத்திவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அறிக்கையை உடனே அனுப்பு. அதில் மூன்று இடத்தில் "அத்தான்" என்று எழுதியிருக்கிறாய். அடித்துவிட்டு "உரிமம் பெற்றவர்" என்று போடு.

நேற்று நிதிக்குழு கூடியது. இந்தப் படையால் என்ன பயன் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நான் எழுந்து உன் கடிதத்தை முழுக்கப் படித்தேன். பணம் கொடுத்த அதிகாரியின் பீரோவில்தான் முதல் துப்பாக்கி கிடைத்தது, இதற்கு மேல் இந்தக் கோப்பில் நான் கையெழுத்துப் போடுவது முறையில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வரும்போது பார்த்தேன், இரண்டு பேர் தங்கள் வீட்டுப் பீரோவை நினைத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. உங்கள் படைக்கு மூன்று வருஷத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டார்கள். கொட்டகைக்குக் கூரையும் உண்டு.

என்னை ஓய்வூதியப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஜன்னல் பெரியது. உன் அத்தான் தானாகவே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மச்சினன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று என்னிடம் மட்டும் கேட்டார்.

ஃபைல் இனி என் மேசையில் இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் போன் செய். நான் எடுக்கமாட்டேன், அவரை எடுக்கச் சொல்கிறேன். அறிக்கையில் அடித்த அந்தச் சொல்லைப் போனில் அடித்துவிடாதே.

அன்புடன்,
அக்கா