என்னை ஐஸில் வைக்க வேண்டாம்

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மகன் அவெலினோவுக்கு, உன் மாய் லுதுவினா ஆசீரோடு எழுதுவது. லண்டனில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இப்போதுதான் பூசை கண்டு நாவில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், அதே வாயால் பொய் சொல்லக் கூடாது, அதனால் பாதி சுகம் என்று வைத்துக்கொள், மீதிப் பாதியைக் கடைசியில் சொல்கிறேன். மழை பிடித்துக்கொண்டது, சமையலறையில் ஓடு ஒழுகுகிறது, பன்றி விந்தாலு வைத்தால் தின்ன ஆள் இல்லை.

பக்கத்து வீட்டு எஸ்பிசியோசா செத்துப்போனதைப் போனில் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லவில்லை. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கோயில் பாடகர் குழுவில் என் இடதுபக்கம் நின்று பாடியவள், சுருதி என்றைக்கும் சேராது, வராமலும் இருந்ததில்லை. மறுநாளே அடக்கம் செய்திருக்க வேண்டும். பிள்ளைகள் வந்து முகம் பார்க்க வேண்டுமாம், ஆஸ்பத்திரியில் ஐஸ் பெட்டிக்குள் தள்ளிவிட்டார்கள். கனடாவில் ஒலாவோவுக்கு லீவு கிடைத்தால் மெல்பர்னில் ஸெனித்தாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, அவளுக்குக் கிடைத்தபோது இவனுக்கு ஆபீஸில் ஏதோ மீட்டிங். இரண்டு வாரத்துக்கு மேல் இந்தப் பேரம் நடந்தது. வெட்டின குழியில் மழைத்தண்ணீர் நிறைந்து, இறைத்து, மறுபடியும் நிறைந்தது. செத்த ஆத்துமம் காத்துக் கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் நெருப்பு இருக்கும் என்றுதான் ஞானோபதேசத்தில் படித்தேன், ஐஸ் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதில் நம் கோயில்பிள்ளை பொஸ்தியாங் செய்த காரியத்தைக் கேள். யார் செத்தாலும் செத்த நாளிலிருந்து எண்ணி ஏழாம் நாள் பூசைக்கு எழுதிப்போடுவது அவன் வழக்கம், இவளுக்கும் எழுதிவிட்டான். பங்குச்சாமி ஒர்லாந்தோ ஊருக்குப் புதுசு, நீட்டின காகிதத்தை அப்படியே வாசித்தார், அடக்கத்துக்குத் திரளாக வந்து ஆறுதல் சொன்ன அனைவருக்கும் குடும்பத்தார் நன்றி என்று. அடக்கமே ஆகவில்லை. அவள் பெட்டிக்குள் விறைத்துக் கிடக்கிறாள், இங்கே நித்திய இளைப்பாற்றி பாடி முடித்தாகிவிட்டது. நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னபோது சாமியாரும் கம்பிவலைக்குப் பின்னால் இருமுகிற மாதிரி ஏதோ செய்தார், அபராதமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். ஒலாவோவுக்கு நல்ல புத்தி வரட்டும் என்று சொல்லி முடித்தேன், பலன் இருக்கும் என்று நம்பிச் சொல்லவில்லை.

ஒருவழியாக இரண்டு பேரும் வந்தார்கள். பாண்டு வாத்தியம், மலர் வளையம், வீடியோ எடுக்க ஓர் ஆள், எதற்கும் குறைவில்லை. உடுத்திவிட நான்தான் போனேன், இந்த வாடோவில் வீட்டுக்கு வீடு எத்தனையோ பேரை உடுத்தி அனுப்பிய கை இது. அவள் விரலில் ஜெபமாலையைக் கோர்க்க முடியவில்லை அவெலினோ. எவ்வளவு தேய்த்தும் விரல் பிரியவில்லை. கடைசியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன், முள்ளங்கிக் கட்டைக் கட்டுகிற மாதிரி. வாழ்நாளெல்லாம் மணி உருட்டிய விரல். ஸெனித்தா எட்டிப்பார்த்து, ரப்பர் பேண்டு வீடியோவில் தெரியுமா ஆன்ட்டி என்று கேட்டாள். பிணத்தின் முன்னால் கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று ரப்பர் பேண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

அடக்கம் முடிந்து ஒலாவோ நம் வீட்டுக்கு வந்து ஃபெனி கிளாஸோடு உட்கார்ந்தான். “மம்மி மூஞ்சியக் கடைசியா ஒரு தடவ பாத்துரணும்னு எப்படித் துடிச்சேன் தெரியுமா ஆன்ட்டி” என்றான். “அந்த மூஞ்சி இத்தன வருஷமா ஒங்க வீட்டுச் சன்னல்லதானேடா இருந்துச்சு. போஸ்ட்மேன் பாத்தான், ரொட்டிக்காரன் பாத்தான். ஒனக்கு மட்டும் ஐஸ்ல வச்சாத்தான் கண்ணுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போனான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை.

இப்போது மீதிப் பாதி. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், இருதயம் வீங்கிப்போய்விட்டதாம், அறுத்துச் சரிசெய்கிற வயசு தாண்டிவிட்டதாம். இந்த மழையைத் தாண்டுவேன், அடுத்த மழையைப் பற்றி அவர் பேச்சை மாற்றிவிட்டார். நான் நேரே பங்குச்சாமியிடம் போய்ச் சொல்லிவிட்டேன், செத்த மறுநாள் சாயங்காலம் அடக்கம், ஐஸ் கிடையாது, யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று. மகன் வர வேண்டாமா என்று பதறினார். “வரட்டும் பாதர். நான் கண்ண முழிச்சுட்டு இருக்கறப்ப வரட்டும்” என்றேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. சாவுக்கு நான் பயப்படவில்லை, கூப்பிடுகிறவர் தெரிந்தவர்தான். செத்தவள் முகத்தைப் பார்க்க எல்லாரும் பறந்து வருகிறீர்கள், செத்தவள் கடைசியாக யார் முகத்தைப் பார்த்தாள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எஸ்பிசியோசா கடைசியாகப் பார்த்தது என் முகத்தை. அவள் அப்போதும் வாசல் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கோ அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்கோ வருகிறேன் என்றாயே, அந்தக் கணக்கை மறந்துவிடு. போனில் சொன்ன பெரிய ஃப்ரிட்ஜும் வேண்டாம், இந்த வீட்டில் எதையும் ஐஸில் வைக்கப்போவதில்லை. குழந்தைக்கு நெற்றியில் சிலுவை போட்டுத் தூங்கவை. மருமகளுக்கும் உனக்கும் என் ஆசீர். அக்டோபரில் நம் கோயில் திருநாள், மறந்துவிடாதே. பாடகர் குழுவில் என் இடதுபக்கம் காலியாக இருக்கிறது, யாரையும் நிற்கவிடவில்லை. உனக்கும் சுருதி சேராது, தெரியும். வந்து நில்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
மாய்